பதினாலாம் நாள் கரண்டு

கோபால்ட் அறையின் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு குரல் கொடுக்க வேண்டும். அறை நடுவில் நின்று, நாலு மூலையையும் பார்த்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் வெளியே வந்து, மேஜைக்கு முன்னால் இருப்பவரிடம் "யாரும் இல்ல" என்று வாயால் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். தலையாட்டினால் போதாது. எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். காலி அறையில் நின்று கத்த வெட்கமாக இருந்தது. உப்பளத்தில் பத்து வருஷம் பம்பு மெக்கானிக்காக இருந்தவன் நான். சுவரோடு பேசிப் பழக்கமில்லை.

என் பெயர் அர்ச்சுனன். மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளம் முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி கட்டினார்கள். உப்பு விளையாமல் கைவிட்ட பாத்திகளை முதலாளி ஒருவர் இனாமாக எழுதிக்கொடுத்தார். வெளிநாட்டில் யாரோ புண்ணியவான்கள் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யும் பழைய கோபால்ட் மெஷின் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்களும் பார்க்கவில்லை. மெஷினைப் பூட்டிக் கொடுத்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போனதும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டுமே என்று தேடினார்கள். இந்தப் பக்கத்தில் மோட்டாரும் கம்ப்ரஸரும் தெரிந்த ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. வேறு பாஸ். மெட்ராஸில் ஆறு வாரம் பயிற்சி, பிறகு இங்கேயே ஒரு வருஷம் பயிற்சி என்று எழுபத்து நாலில் எடுத்துக்கொண்டார்கள். சட்டைப் பையில் கதிரை அளக்கும் பிலிம் பேட்ஜ் ஒன்றைக் குத்திக்கொண்டு நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், நேற்றுவரை டேய் என்று கூப்பிட்டவன் சார் என்றான். அந்த சார் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்தக் கதை முழுக்க அதனால் வந்த வினைதான்.

மெஷின் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ஈயம் நிரப்பிய பெரிய தலை. அதற்குள் ஒரு இழுப்பறையில் கட்டைவிரல் அளவு கோபால்ட். காற்றழுத்தத்தில் இழுப்பறை முன்னால் வந்தால் நோயாளி மேல் கதிர் விழும். நேரம் முடிந்ததும் அதே காற்று அதைப் பின்னால் தள்ளிவிடும். வெளியே வந்திருந்தால் சிவப்பு விளக்கு, உள்ளே போய்விட்டால் பச்சை. எங்கள் ஜனங்கள் இதைக் கரண்டு வைக்கிறது என்பார்கள். கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நானும் ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்.

பயிற்சி கொடுத்தவர் சுலோசனா மேடம். எவ்வளவு கதிர், எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடுகிற பிஸிஸிஸ்ட். கடலூர்க்காரர், என்னைவிட ஒரு வயது சின்னவர். எதையும் ஒரு தடவைதான் சொல்வார்.

"அர்ச்சுனன், இந்த இழுப்பறை ஓடுற தண்டு இருக்கு பாருங்க. இதுல எண்ணெய் படவே கூடாது. கிராபைட் தூள் மட்டும்தான். கதிர் பட்டா எண்ணெய் பிசின் மாதிரி ஆயிடும். புரியுதா?"

"புரியுதுங்க மேடம்."

புரிந்தது. நம்பவில்லை. எண்ணெய் இல்லாத இரும்பு உப்புக்காற்றில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் படகு ஆணியிலிருந்து பம்பு வால்வு வரைக்கும் புன்னை எண்ணெய்தான். குழந்தைக்குச் சொறி பிடித்தாலும் அதுதான். எழுபத்தைந்து தை மாதம் தண்டில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கிராபைட் தூளைத் தடவினேன், புள்ளி போகவில்லை. படித்தவர்கள் சொன்னால் சொல்லட்டும், பத்து வருஷம் உப்பளத்து இரும்பைக் காப்பாற்றியவன் நான் என்று ஒரு திமிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாதபோது, வீட்டிலிருந்து சின்ன சீசாவில் கொண்டுபோன புன்னை எண்ணெயைத் துணியில் நனைத்துத் தண்டு முழுக்கத் தடவினேன்.

மறுநாள் இழுப்பறை வெண்ணெயாக ஓடியது. "சத்தமே இல்லையே, என்ன பண்ணீங்க?" என்று மேடம் கேட்டார். "க்ளீன் பண்ணேங்க" என்றேன். நல்ல வேலை என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மங்கம்மா அண்ணியை அந்த மாசிக் கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அண்ணி என்றால் சொந்த அண்ணி இல்லை. அவள் புருஷன் கன்னியப்பனும் நானும் ஒரே பம்பில் வேலை பார்த்தவர்கள். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இழுப்பு உண்டு. மூச்சு விட்டால் நாலு பாத்தி தள்ளிக் கேட்கும். எழுபத்தொன்றில் ஒரு சித்திரை வெயிலில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், உப்புத்தண்ணீர் வாய்க்காலில் குப்புற விழுந்து கிடந்தார். இழுத்து இழுத்து யாரையாவது கூப்பிட்டிருப்பார். பக்கத்தில் ஆள் இல்லை. அந்த வாய்க்காலைத் தூர்த்துத்தான் ஆஸ்பத்திரி கட்டினார்கள். அது எந்த இடத்தில் ஓடியது என்று எனக்கும் அண்ணிக்கும் தெரியும். கோபால்ட் அறையின் வடக்குச் சுவருக்கு அடியில்.

அண்ணிக்குக் கருப்பை வாயில் நோய். ஒரு வருஷமாக உதிரப்போக்கை மறைத்துக்கொண்டு உப்பு சுமந்திருக்கிறாள். ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக நான்தான் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கைமீறவில்லை, இருபத்தைந்து நாள் கரண்டு வைத்தால் பிழைக்க வழியிருக்கிறது, ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். கரண்டு வைப்பது அந்த அறையில்தான் என்று தெரிந்ததும் அண்ணி தயங்கினாள்.

"அவரு விழுந்த எடமாச்சேப்பா" என்றாள்.

"அண்ணன் எடம்னா ஒனக்கு நல்லதுதான செய்யும்? நான் வெளிய நிக்கிறேன். எனக்குத் தெரியாம அந்த மிஷின்ல ஒன்னும் நடக்காது" என்றேன்.

நான் சொன்னதால் வந்தாள். பத்தாம் நாள் உதிரம் நின்றது. பன்னிரண்டாம் நாள், "கஞ்சி எறங்குதுப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கே ஏதோ நான்தான் வைத்தியம் பார்த்த மாதிரி இருந்தது.

பதினாலாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. முற்பகல். கட்டிலில் அண்ணியைப் படுக்கவைத்து, மெஷின் தலையை மேலே நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்தோம். மூன்று நிமிஷம். மணி அடித்தது. சிவப்பு விளக்கு அணையவில்லை.

மேடம் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். உள்ளே காற்று சீறியது. இழுப்பறையைப் பின்னால் தள்ளப் பார்த்து, முடியாமல், திரும்பவும் சீறியது. இழுத்து, நிறுத்தி, இழுத்து. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணி அசையாமல் படுத்திருந்தாள். அசையக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தோம். கண் மட்டும் அகலத் திறந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கம்பிய எடுங்க" என்று சொல்லிக்கொண்டே மேடம் உள்ளே ஓடிவிட்டார். கட்டிலை இழுத்து, அண்ணியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவரைவிட அண்ணி கனம். எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை. இழுப்பறை சிக்கினால் தள்ளிவிடுவதற்கென்றே சுவரில் ஒரு நீளக் கம்பி மாட்டியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். மெஷின் தலையில் இருக்கும் துளையில் விட்டுத் தள்ளினேன். நகரவில்லை. தோளைக் கொடுத்து முட்டினேன். இழுப்பறை ஒரு வெட்டு வெட்டி உள்ளே போனது. பச்சை எரிந்தது. கம்பியை வெளியே இழுத்தபோது அதன் நுனியில் தேன் நிறத்தில் பிசின் ஒட்டியிருந்தது. மூக்குக்கு அருகில் கொண்டுபோனேன். புன்னை வாசனை.

மேடம் உடனே கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி அதிகம். "பயப்பட ஒன்னுமில்ல. அடுத்த ரெண்டு நாள்ல கொறச்சுக்கலாம்" என்று டாக்டரிடம் சொன்னார். இதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த ஒரு நிமிஷம் ஐம்பது விநாடியால் அண்ணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மெஷினின் பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் ஊற்றித் தண்டை ஒரு மணி நேரம் துடைத்தேன். பிசின் படிந்த துணியைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"என்ன இருந்தது?" என்று மேடம் கேட்டார்.

"உப்புத் தூசிங்க மேடம். தொடச்சிட்டேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நோட்டில் உப்புத் தூசி என்று எழுதினார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நான் நின்றேன்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வெளியே பூவரச மரத்தடியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கரண்டு வைக்க வந்த ஏழெட்டுப் பொம்பிளைகள். என்னைக் கண்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏம்பா, மிஷின் கெட்டுப்போச்சா?" என்று அண்ணி கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கெட்டுப்போச்சு, சரி பண்ணியாச்சு, நாளைக்கு வா. அவ்வளவுதான். ஆனால் கெட்டுப்போச்சு என்றால் யாரால் என்று கேட்பார்களே. இத்தனை பேர் முன்னால், சட்டையில் பேட்ஜோடு நிற்கிறேன்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல அண்ணி" என்றேன். நேராக அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவள் கோபால்ட் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அது அவருதான்" என்றாள். "நல்லா கேட்டுது. அதே இழுப்பு. என்னத்தான் கூப்புட்டாரு."

மறுநாள் அண்ணி வரவில்லை. மூன்றாம் நாள் இன்னும் நாலு பேர் வரவில்லை. வாய்க்காலில் செத்த கன்னியப்பன் கரண்டுப் பொட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று கழுவெளி ஏரி ஓரமாக இருக்கிற அத்தனை ஊரிலும் பேச்சு. மெஷினில் கோளாறு இல்லை என்று மெஷின்காரனே சொல்லிவிட்டான் என்பதுதான் அதற்குச் சாட்சி. பேய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருப்பதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தேன்.

மேடம் ஜீப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் ஜீப்பில் திரும்பும்போது மேடம் அதையே சொல்வார். "பாதில நிறுத்தினா சுத்தமா வெக்காததவிட மோசம், அர்ச்சுனன். மீதி இருக்கிறது திரும்ப வளர ஆரம்பிச்சிடும். பத்து நாளைக்குள்ள அவங்க வந்தாகணும்." பின் சீட்டில் என் பையில் அந்தத் துணி இருந்தது. வீட்டில் வைக்கவும் மனசில்லை, எரிக்கவும் மனசில்லை. தினமும் பேன்ட் மாற்றும்போது துணியையும் மாற்றி வைத்துக்கொண்டேன்.

வேலை போய்விடும் என்கிற பயம் மட்டுமில்லை. நல்ல வேலை என்று சொன்ன அந்த வாய் என்ன சொல்லுமோ என்கிற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று தெரிந்தும், ஒன்பது நாள் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தனியாக அண்ணி குடிசைக்குப் போனேன். வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். உதிரம் திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று வெளுத்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. உட்காராமலே சொன்னேன்.

"அண்ணி, அது அண்ணன் இல்ல. நான். அந்த மிஷின்ல எண்ணெய் போடக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் போட்டேன். பிசினாட்டம் ஆயி புடிச்சிக்கிச்சு. பழி எங்கிட்ட வரக் கூடாதுன்னு கோளாறு இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "என்னா எண்ணெய்?"

"புன்னை எண்ணெய்."

அண்ணி சிரித்தாள். "புன்னை எண்ணெய் போட்டா எங்கனா புடிக்குமாப்பா? உங்க அண்ணன் எத்தினி வருசம் பம்புக்கு ஊத்துனாரு. ஒரு நாளு புடிச்சிதா?"

"இது வேற மிஷின் அண்ணி. சத்தியமா சொல்றேன்."

"சத்தியம்லாம் பண்ணாத. அன்னிக்கு என் மொகத்தப் பாத்து சொன்னே, ஒரு கோளாறும் இல்லன்னு. அதுதான் நெசம். இப்ப நான் செத்துடுவேன்னு பயந்து பழிய உன் தலையில போட்டுக்கறே. எனக்குத் தெரியாதா உன்ன?"

நான் காலில் விழுந்தேன். எழுந்திரு, பேட்ஜில் மண் ஒட்டுகிறது என்றாள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, துணியை மேடத்தின் மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. துணியை எடுத்து முகர்ந்தார். நோட்டை எடுத்து, உப்புத் தூசி என்று எழுதியிருந்த இடத்தை ஒரு கோடு போட்டு அடித்து, பேனாவை என் பக்கம் நீட்டினார். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார்.

அண்ணி பாயில் படுத்திருந்தாள். மேடம் துணியை அவளிடம் கொடுத்து, மெதுவாக, ஒவ்வொன்றாக விளக்கினார். தண்டு, கதிர், பிசின். அண்ணி மரியாதையாகக் கேட்டாள். துணியை முகர்ந்து, "நல்ல எண்ணெய்" என்றாள். பிறகு மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இந்தப் புள்ளய வேலைய விட்டு அனுப்பிடாதீங்க. என்ன இட்டுனு போறதுக்குத்தான் இப்படி சொல்லுது. அது தப்பு பண்ற புள்ள இல்ல."

திரும்பி வரும்போது உப்பளம் ஓரம் மேடம் ஜீப்பை நிறுத்தினார். "அந்த மரத்தடியிலேயே சொல்லியிருந்தா மறுநாளே வந்திருப்பாங்க, அர்ச்சுனன்" என்றார். அப்புறம் வேலை தவிர வேறு எதையும் அவர் என்னிடம் பேசியதில்லை.

டிரஸ்ட்காரர்கள் மூன்று மாதம் என்னை மெஷின் பக்கம் விடவில்லை. வேறு ஆள் கிடைக்காததால் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் விஷயம் தெரிந்ததும் மற்ற பொம்பிளைகள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். மங்கம்மா அண்ணி வரவில்லை.

ஆடியில் ஒருநாள் கூப்பிட்டனுப்பினாள். பாயில் சுருண்டு கிடந்தாள். உப்பு சுமந்த தோளா அது என்று இருந்தது. நான் அழுதேன். அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

"திரும்ப வேலைக்குப் போறியா? உள்ள போறியா தெனம்?"

"போறேன் அண்ணி."

"அவருகிட்ட பேச்சு குடுப்பியா?"

"யாராச்சும் இருக்கீங்களான்னு கேப்பேன் அண்ணி. தெனம் காலைல கேக்கணும். அது சட்டம்."

அவளுக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்தது. "அவரு பதில் சொல்லமாட்டாரு. ரோசக்காரரு" என்றாள். "நான் போயி சொல்றேன். கேட்டுக்கினே இரு."

ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. தண்டுக்குக் கிராபைட் தூள் மட்டும்தான். வாரம் இரண்டு தடவை துருவைத் தேய்த்து எடுக்கிறேன், வெறும் துணியால், விரல் தேய. மெஷின் ஒருநாளும் சிக்கியதில்லை. தினமும் காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்னால் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். அறை நடுவில் நின்று, நாலு மூலையையும் பார்த்து, வடக்குச் சுவரைக் கடைசியாகப் பார்த்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு நிற்கிறேன். கம்ப்ரஸரில் காற்று ஏறும் சத்தம் கேட்கிறது. அது கம்ப்ரஸர்தான். எனக்குத் தெரியும். நான்தான் அதைக் கழற்றிப் பூட்டுகிறவன்.

வெளியே மேடம் காத்திருக்கிறார். சட்டப்படி நான் வாயால் சொல்ல வேண்டும். ஒரு நாள் அத்தனை பேர் முன்னால் கோளாறு இல்லை என்று சொன்ன அதே வாய். கதவுக்கு வந்து நிற்கிறேன். நாக்கு எழும்புவதில்லை. மேடம் தானே எழுந்து, என்னைத் தாண்டி உள்ளே போய், ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, எனக்குப் பதிலாகச் சொல்கிறார்.

"யாரும் இல்ல. சாத்துங்க."

சாத்துகிறேன்.